தொண்ணூற்றொன்பதாவது அடி

"தாத்தா, அந்தப் பந்து சும்மாதானே கிடக்கு? அத ஏன் அடிக்கிறீங்க?"

பைலின் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளி விடுமுறை என்பதால் அம்மா லம்துவானோடு கோல்ஃப் மைதானத்துக்கு வந்திருந்தாள். நான் சிரித்துவிட்டு, வாழையிலையில் கட்டி வைத்திருந்த இனிப்பு ஒட்டரிசியை அவள் கையில் கொடுத்தேன். குழந்தைகளிடம் நான் எப்போதும் அன்பாகவே இருந்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பிரயூன். முப்பத்தெட்டு ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக இருந்தேன். தகுதியில்லாத மதிப்பெண் ஒன்றைக்கூட யாருக்கும் போட விட்டதில்லை. ஓய்வு பெற்ற மாதமே பல் மருத்துவர் தானித் என்னை லாம்பாங் நகருக்கு வெளியே உள்ள இந்த மைதானத்துக்கு இழுத்து வந்தார். பதினெட்டுக் குழிகள். நன்றாக ஆடுபவர் எழுபத்தைந்து அடிக்குள் முடித்துவிடுவார், சுமாரானவருக்குத் தொண்ணூறு ஆகும். ஏழு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட நூற்றுக்குக் கீழே வந்ததில்லை. நூற்றுப் பன்னிரண்டு, நூற்றெட்டு, ஒரே ஒருமுறை நூற்றொன்று. மட்டையை மாற்றினேன். மூக்குக் கண்ணாடியை மாற்றினேன். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு பயிற்சி செய்தேன். ஓங்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும், பந்து மட்டும் குளத்துக்குப் போகும்.

"இந்தக் குளத்து மீனுக்கெல்லாம் உன்னைத் தெரியும்யா பிரயூன்," என்பார் தானித். "நீ மட்டையத் தூக்கினாலே அடியில போய்ப் படுத்துக்குதுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்று வீட்டில் சோறு இறங்காது.

லம்துவான் மட்டும் சிரிக்க மாட்டாள். எங்கள் மைதானத்தில் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெண் துணைக்கு வருவாள். மட்டைப் பையை இழுப்பது, பந்தைத் தேடுவது, அடிகளை எண்ணி அட்டையில் எழுதுவது எல்லாம் அவள் வேலை. ஏழு ஆண்டும் எனக்கு அவள்தான் வந்தாள். என்னைப் பெரியப்பா என்றே கூப்பிடுவாள். உயரப் புல்லில் புதைந்த என் பந்தை அவள் கால் நுனியால் மெல்ல வெளியே தள்ளி வைப்பதை வெகு காலம் கழித்துத்தான் கவனித்தேன். பந்தில் படாமல் வெறும் காற்றில் வீசிய அடிகளையும் எழுத மாட்டாள். கேட்டால், "நான் பாக்கலையே பெரியப்பா, கண்ணுல பூச்சி விழுந்துடுச்சு" என்பாள். ஆக, அந்த நூற்றொன்றும் என்னுடையது இல்லை.

அவளை மன்னித்துவிட்டேன். இரக்கம்தானே, குற்றமில்லையே.

மே மாதம் மூத்தோர் போட்டி வந்தது. காலையில் பிக்குகளுக்கு அன்னமிட்டுவிட்டுத்தான் போனேன். ஒரு அடி விடாமல் எண்ண வேண்டும், பந்தில் அவள் கால் பட்டால் இனி எனக்குத் துணை வர வேண்டாம் என்று லம்துவானிடம் சொன்னேன். சரி என்றாள்.

அன்று பந்து என் பேச்சைக் கேட்டது. பதினேழு குழிகள் முடிந்தபோது தொண்ணூற்று மூன்று. கடைசிக் குழியில் ஐந்தாவது அடிக்கு, பந்து குழியிலிருந்து ஒரு முழத்தில் வந்து நின்றது. தொண்ணூற்றெட்டு. இன்னும் ஒரே ஒரு அடிதான்.

அப்போது சங்கு ஊதியது. இடிமின்னல் நெருங்கினால் ஊதுவார்கள். ஊதியதும் எல்லோரும் ஒதுங்கிவிட வேண்டும். ஆனால் ஆட்டக்காரர் நகராமல் அவருடைய துணைப்பெண் நகரக்கூடாது, அது எங்கள் வழக்கம். தானித்தும் மற்றவர்களும் தங்கள் பெண்களோடு ஓடிவிட்டார்கள்.

பிறகு விசாரித்த குழுவிடம், நாங்கள் இருவரும் கிளம்பிவிட்டோம், மறந்துவிட்ட குடையை எடுக்க அவள்தான் திரும்பிப் போனாள் என்று சொன்னேன். அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு முதல் பாடமே அதுதான்: லம்துவானைப் போல் திரும்பிப் போகாதீர்கள்.

நாங்கள் கிளம்பவில்லை. பதினெட்டையும் அன்றே முடிக்காத அட்டை எங்கள் போட்டியில் செல்லாது. மழை வலுத்து, பந்துக்கும் குழிக்கும் நடுவே நீர் தேங்கத் தொடங்கியது. பெரிய குடையை அந்த இடத்துக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். இரும்புக் கம்பிக் குடை.

"பயமா இருக்கு பெரியப்பா. பந்து இருக்கிற எடத்துல ஒரு காச வச்சு அடையாளம் பண்ணிட்டுப் போயிடலாம். நாளைக்கு வந்து அடிச்சுக்கலாம்."

"நாளைக்கு அடிச்சா கணக்குல வராது. நில்லு, அசையாதே."

நின்றாள். தரையின் சரிவு பார்க்க நான் இரண்டு முறை சுற்றி வந்தேன். எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவன் இல்லை நான். மூன்றாம் முறை குனிந்தபோது எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

கண் தெரிந்ததும் முதலில் பந்தைத்தான் பார்த்தேன். அது நகர்ந்திருந்தது. பிறகு அவளைப் பார்த்தேன்.

தகனத்தன்று பைலின் என் பக்கத்தில் வந்து நின்றாள். எட்டு வயது ஆகியிருந்தது.

"சங்கு ஊதுச்சே தாத்தா, அம்மா ஏன் திரும்பிப் போனாங்க?"

"குடைய மறந்துட்டாம்மா," என்றேன்.

அந்தப் பிள்ளை இப்போதெல்லாம் குடையைத் தொடுவதில்லையாம். நனைந்துகொண்டேதான் பள்ளிக்குப் போகிறாளாம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் பட்ட கடனை வைத்துக்கொண்டு போக எனக்கு மனமில்லை. சென்ற வாரம், மழை ஓய்ந்த ஒரு காலையில், மைதானம் திறக்குமுன் கடைசிக் குழிக்குப் போனேன். யாரும் இல்லை. ஒரு முழத்தில் பந்தை வைத்தேன். லம்துவானை நினைத்துக் கைகூப்பினேன். அவசரமில்லாமல் அடித்தேன்.

பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, அவள் செய்வாளே, அதே போலக் கால் நுனியால் மெல்லத் தள்ளினேன். உள்ளே விழுந்தது. பழைய அட்டையை எடுத்து, அவள் கையால் எழுதிய எண்களுக்குக் கீழே தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன். அவள் கடைசிவரை நின்றது வீண்போகவில்லை. அவளுக்கு நான் பட்டிருந்த கடன் அத்தோடு தீர்ந்தது.