தபால்காரரின் காப்பகம் மூடப்படாது

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, கணினிப் பிரிவின் நண்பர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் என் நண்பரின் மனைவியான தங்கச்சி, நாற்காலி போதாமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சுருக்கமாகப் பேசுங்கள் என்று சொல்லித்தான் என்னை மேடையேற்றினார்கள். சுருக்கமாகப் பேச எனக்கு வராது. இது மறைந்த நம் நண்பருக்கும் தெரியும். அவர் உயிரோடு இருந்திருந்தால், இந்த ஆளைக் கூப்பிடாதீர்கள் என்று முதலில் அவர்தான் சொல்லியிருப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நமக்கு அவர் தபால்காரர். ஒரு நாளும் பையைத் தோளில் மாட்டியவரில்லை. ஆனாலும் தபால்காரர்.

உறவினர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். 'கம்ப்யூட்டர்ல ஏதோ வேலை' என்பதற்கு மேல் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்காகச் சொல்கிறேன். யூனிக்ஸ் என்று ஒரு கணினி அமைப்பு இருக்கிறது. அதற்கு வேண்டிய மென்பொருள்களைப் பல நாட்டுக்காரர்கள் எழுதி, 'யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்' என்று வெளியிட்டார்கள். கொடுத்துவிட்டார்கள், சரி. நம் கைக்கு எப்படி வரும்? அவர் வேலை பார்த்த இந்த நிறுவனம் போன்ற பெரிய இடங்களுக்கு நேரடி இணைய இணைப்பு உண்டு. மற்றவர்களிடம் இருந்தது ஒரு தொலைபேசிக் கம்பியும், கணினியை அதோடு இணைக்கும் ஒரு மோடமும். இந்த முனை கத்தும், அந்த முனை கத்தும், கொஞ்ச நேரம் இரண்டுக்கும் ஒத்துப்போகும், பிறகு கம்பி அறுந்த மாதிரி நின்றுவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் போய் வர முடிந்தது மின்னஞ்சல் மட்டும்தான்.

அது போதும் என்றார் தபால்காரர். வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் காந்த நாடாக்களில் பதிந்து கொண்டுவந்து அலமாரியில் பூட்டி வைத்திருந்த மென்பொருள்களையெல்லாம் கெஞ்சி வாங்கினார். ஒவ்வொன்றையும் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார். ஓடியதை மட்டும் அதிலேயே ஒரு காப்பகமாகச் சேர்த்து வைத்தார். பிறகு, கடிதம் படிக்கும் ஒரு நிரலை எழுதினார். 'இன்ன மென்பொருளை அனுப்பு' என்று ஒரே ஒரு வரி எழுதி நீங்கள் மின்னஞ்சல் போட்டால், அந்த நிரல் அதைப் படித்து, கேட்டதை எடுத்து, கம்பி தாங்கும் அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கடிதமாக அனுப்பும். எல்லாத் துண்டுகளையும் வரிசையாக ஒட்டினால் மென்பொருள் முழுதாக வந்துவிடும். ஒரு துண்டு குறைந்தாலும் எதுவும் வராது.

நான் அச்சகக்காரன். கணினியை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. பக்கம் அமைக்கும் மென்பொருள் ஒன்று வேண்டும் என்று அவருடைய காப்பகத்துக்கு எழுதினேன். ஒரு வாரமாகத் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒட்டினேன். பிரித்தால் ஒரே குப்பை. எனக்கு வந்த கோபத்தில், முகம் தெரியாத மனிதருக்குத் தொலைபேசி போட்டேன்.

"என்னய்யா அனுப்பியிருக்கே? எல்லாம் அழுகிப் போய் வந்திருக்கு."

"அப்படியாண்ணே? அழுகினதை அப்படியே எனக்குத் திருப்பி அனுப்புங்க, பாக்குறேன்."

"நான் எதுக்கு அனுப்பணும்? நல்லதா ஒண்ணு நீ அனுப்பு."

"நல்லதைத்தாண்ணே அனுப்பினேன். வழியில யாரு கடிச்சாங்கன்னு பாக்க வேணாமா?"

திருப்பி அனுப்பினேன். அவர் அனுப்பியதையும் எனக்கு வந்ததையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். வழியில் கடிதத்தைக் கைமாற்றும் இயந்திரங்களில் ஒன்று, வரியின் கடைசியில் வெற்றிடம் இருந்தால் வீண் என்று எண்ணி வெட்டிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். மனிதர் எழுதும் கடிதத்தில் அந்த வெற்றிடம் போனால் ஒன்றும் ஆகாது. நறுக்கி அனுப்பிய மென்பொருளில் அதுவும் சரக்கு. அதற்கு அவர் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் எழுத்தைக் காவலுக்கு நிறுத்திவிட்டார். கடைசியில் எழுத்து இருந்தால் அந்த இயந்திரம் கை வைக்காது. பிரிக்கும்போது அந்த எழுத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். மறு வாரமே என் அச்சகத்தில் முதல் பக்கம் வெளியே வந்தது. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. முதல் தடவையே சரியாக அனுப்பியிருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அப்படித் தொடங்கியது எங்கள் நட்பு.

அவர் தவறே செய்யாதவர் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஒரு முறை பேராசிரியர் ஒருவர், 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்று தானாகப் பதில் போடும்படி தன் கணினிக்குச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். அவர் கேட்டிருந்த துண்டு ஒன்று போய்ச் சேர்ந்ததும், அந்தப் பதில் நம் காப்பகத்துக்கு வந்தது. காப்பகம் அதை ஒரு கோரிக்கை என்று நினைத்து, 'நீங்கள் கேட்டது புரியவில்லை, கேட்கும் முறை இது' என்று எழுதியது. அதற்கு அந்தக் கணினி, 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்றது. இது, 'புரியவில்லை' என்றது. சனி ஞாயிறு முழுக்க இரண்டும் இப்படியே பேசித் தீர்த்தன. இந்தக் கடிதங்களே எங்கும் அடைத்துக்கொண்டதால் திங்கட்கிழமை கட்டடத்தில் ஒருவருக்கும் மின்னஞ்சல் இல்லை. அப்போதிருந்த இயக்குநர் கத்திய கத்தலுக்குத் தபால்காரர் சொன்ன பதில் இதுதான்: "ரெண்டும் நல்லா மனசு விட்டுப் பேசிக்கிட்டு இருந்துச்சு சார். பிரிக்க மனசு வரல."

அன்றே அதைச் சரி செய்துவிட்டார். ஆனால் அதைச் சாக்காக வைத்து நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டது. கேட்பவர் யார், எங்கே வேலை, எதற்குக் கேட்கிறார் என்று பதிவு செய்த பிறகே அனுப்ப வேண்டும். தபால்காரர் முடியாது என்றார். எழுதியவர்களே யார் எவர் என்று கேட்காமல் கொடுத்த பொருளுக்கு நடுவில் இருக்கும் நாம் என்ன காவல்காரரா என்று கேட்டார். நிபந்தனை போய்விட்டது. அவருடைய பதவி உயர்வும் போய்விட்டது. அன்று மாலை நான் அவர் வீட்டுக்குப் போனபோது தங்கச்சி சொன்னதைத் தங்கச்சி முன்னாலேயே சொல்கிறேன். "பதவி வந்தா மட்டும் இவரு வீட்டுக்குச் சீக்கிரம் வந்துருவாராண்ணே? விடுங்க, சாப்பிட வாங்க." இப்படி ஒரு வீடு பின்னால் இருந்ததால்தான் அந்தக் காப்பகம் நிலைத்தது. இந்தப் புகழில் பாதி தங்கச்சிக்குச் சேரும்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். இரங்கல் கூட்டத்தில் மனக்குறை பேசலாமா என்றால், வேறு எங்கே பேசுவது?

மென்பொருள்களின் இன்னொரு பிரதியை இந்தக் கட்டடத்துக்கு வெளியே வை என்று அவரிடம் எத்தனையோ முறை சொன்னேன். அவர் கேட்கவில்லை. "அண்ணே, நீங்க எல்லாத்துலயும் சந்தேகப்படுவீங்க" என்றார். ஆமாம், சந்தேகப்படுவேன். அவர் செய்தது தவறு. இறந்துவிட்டார் என்பதற்காக அந்தத் தவறு சரியாகிவிடாது. இன்று என்ன நடந்திருக்கிறது? அவர் கண்மூடிய மறுநாளே பாதுகாப்பு என்று சொல்லி அவருடைய கணினிக் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். காப்பகம் பதில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். மாத முடிவில் மென்பொருள்கள் இருக்கும் வட்டுகளை அழித்து, இயந்திரத்தைச் சம்பளப் பிரிவுக்குக் கொடுக்கப் போகிறார்கள். எல்லோருக்கும் நேரடி இணைப்பு வந்துவிட்டது, காப்பகத்தின் தேவை முடிந்துவிட்டது என்று இயக்குநர் அவர்கள் சற்று முன் இதே மேடையில் பேசினார். இந்த அரங்கத்துக்குத் தபால்காரரின் பெயரை வைப்பதாகவும் அறிவித்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை.

எல்லோருக்கும் வந்துவிட்டதா? யார் அந்த எல்லோரும்? வெளியே தாழ்வாரத்தில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். தொலைவில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இறுதி வணக்கம் செலுத்த வந்தவர். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஐயா, இந்த இடத்துல கேக்கக் கூடாதுதான்."

"கேளும்மா."

"சோதனை அளவுகளை வச்சுக் கணக்குப் போடுற ப்ரோக்ராம் ஒண்ணு கேட்டிருந்தேன். எல்லாம் வந்துருச்சு, முப்பத்தொண்ணாவது துண்டு மட்டும் வரல. இவருக்கே எழுதினேன். நாளைக்கு அனுப்புறேம்மான்னு பதில் போட்டாரு. அந்த நாளைக்குத்தான்..."

"அது இல்லாட்டி என்னம்மா ஆகும்?"

"கையாலதான் கணக்குப் போடுறோம் ஐயா. ஒரு தடவ தப்பாயிருச்சு. நல்லா இருந்தவருக்கு நோயின்னு எழுதிக் கொடுத்துட்டோம். அடுத்தது நோயாளிய நல்லா இருக்கார்னு எழுதிருவோமோன்னு பயமா இருக்கு."

இயக்குநர் அவர்களே, அந்த அம்மா இதோ ஜன்னல் ஓரமாக நிற்கிறார். அவருக்கு நேரடி இணைப்பு இல்லை. இந்த அரங்கத்தின் பெயர்ப்பலகை அவருக்கு எதற்கு? அவர் கேட்பது ஒரு துண்டு. அது இந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் பூட்டிய அறையில் இருக்கிறது. காலையில் நான் போய்க் கேட்டேன். அனுமதி வேண்டும், குழு கூட வேண்டும் என்றார்கள். குழு கூடட்டும். நான் இனி அந்த மாடியேறப் போவதில்லை. கெஞ்சுவது தபால்காரரின் குணம். எனக்கு அது கிடையாது.

நண்பர்களே, நான் உங்களைத்தான் கேட்கிறேன். இத்தனை ஆண்டுகளாக அந்தக் காப்பகத்திலிருந்து வாங்கியவர்கள் யார்? நீங்கள்தானே? பல்கலைக்கழகக்காரர்கள், ஆலைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், என்னைப் போல் கடை வைத்திருப்பவர்கள். வாங்கியதை எங்கே வைத்தீர்கள்? ஒருவரிடமும் முழுக் காப்பகம் இருக்காது. என்னிடம் பக்கம் அமைக்கும் மென்பொருளும் எழுத்துருக்களும் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் இந்த அரங்கத்தில் இருப்பவர்களின் வட்டுகளையெல்லாம் ஒன்றாக வைத்தால்? ஒரு மென்பொருளை ஒட்டத் தெரிந்த நமக்குக் காப்பகத்தை ஒட்டத் தெரியாதா?

என் அச்சகத்தின் பின்னறையில் ஓர் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டேன். தொலைபேசிக் கம்பி ஒன்றை அதற்கென்றே விட்டுவிட்டேன். கடிதம் படிக்கும் நிரலின் மூல வரிகளை அவர் முதல் நாளே எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டார். அது என்னிடம் இருக்கிறது, நேற்றே ஓட்டிப் பார்த்தேன். புதிய முகவரியை அச்சடித்து வாசலில் வைத்திருக்கிறேன். உங்களிடம் இருப்பதைக் கொண்டுவாருங்கள். வர முடியாதவர்கள் துண்டு துண்டாக அனுப்புங்கள். அவரைப் போலவே ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகே வைப்போம். கேட்பவர் யார் என்று கேட்கமாட்டோம். இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வைப்போம், அதில் மட்டும் நான் சொல்வதுதான் நடக்கும். இது தபால்காரருக்கு நான் கொடுக்கும் வாக்கு. என்னோடு சேர்ந்து நீங்களும் கொடுங்கள்.

நாளைக்குத் தொடங்கலாம் என்று யாரும் சொல்லாதீர்கள். அந்த அம்மாவுக்கு ஒரு முறை நாளை என்று சொல்லியாகிவிட்டது. இப்போதே கேட்கிறேன். கணக்குப் போடும் அந்த மென்பொருளைக் காப்பகத்திலிருந்து வாங்கியவர் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

தூணுக்குப் பின்னால் ஒரு கை தெரிகிறது. கொஞ்சம் முன்னால் வாருங்கள். பஞ்சாலையில் நூலின் தரம் பார்ப்பவரா? சரி. துண்டுகளை அழிக்காமல் வைத்திருக்கிறீர்களா? முப்பத்தொன்று உட்பட எல்லாமா? நல்லது.

அம்மா, நீங்களும் இப்படி வாங்க. என் பேச்சு முடிந்தது. பஞ்சாலைக்காரரே, உங்கள் வீடு இங்கிருந்து எவ்வளவு தூரம்?