சாய்ந்த கட்டடமும் எங்கள் தண்ணீர்த் தொட்டியும்

என் பெயர் விஜி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் ராம்கி. அத்திபெலேயில், பழைய குட்டையை மூடிப் போட்ட லேஅவுட்டில், மூன்றாவது கிராஸில் சொந்த வீட்டில் குடியிருந்து தையல் வேலை செய்து வருகிறேன். பக்கத்து மனையில் கட்டிய நான்கு மாடிக் கட்டடம் எங்கள் பக்கம் சாய்ந்ததற்கு, எங்கள் வீட்டுக்கு அடியில் உள்ள சம்ப் தண்ணீர்த் தொட்டி கசிந்து மண் இளகியதே காரணம் என்று அதைக் கட்டிய காண்ட்ராக்டர் கிரண் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கருப்புக் களிமண் வந்தது. அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், தூணுக்குத் தூண் தனி அடித்தளம் போட்டால் ஒரு பக்கம் இறங்கிவிடும் என்று இன்ஜினியர் சொன்னதால், மனை முழுக்க ஒரே தட்டாக கான்கிரீட் போட்டுக் கட்டினோம். அதன் பிறகு போன வருஷம், கிரண் பக்கத்து மனையில் தூணுக்கு ஒரு குழியாகத் தோண்டுவதைப் பார்த்து, இந்த மண்ணில் இது நிற்குமா என்று கேட்டேன். "சும்னே எதுக்கு டென்ஷன் அக்கா? மண் டெஸ்ட் பண்ணியாச்சு. அஞ்சு அடியில கெட்டி மொரம், செவப்புச் சரளை மண்ணு" என்றார். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் என் கணவர் என்னை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார். என் தையல் மெஷின் அந்த மனையைப் பார்த்த ஜன்னலோரம் இருக்கிறது. மண் எடுத்துச் சோதிக்கும் மெஷின் எதுவும் வந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு லாரி சிவப்பு மண் வந்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகு பூஜைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். குழியின் அடி சிவப்பாக, சமமாக, பார்க்க அழகாக இருந்தது. பூஜை செய்தவர் ஊதுவத்தி குத்த வாழைப்பழம் தேடினார். நான் ஊதுவத்தியை வாங்கிக் குழியின் தரையிலேயே குத்தினேன். பிசைந்த மாவில் இறங்குவது போல இறங்கியது. மொரத்தில் கடப்பாரையே எகிறும். பிடுங்கியபோது குச்சி நுனியில் கருப்பு மண் ஒட்டியிருந்ததைக் கிரணிடம் காட்டினேன். அவர் அதை வாங்கி ஒடித்துப் போட்டுவிட்டு, "சாமி காரியத்துல அபசகுனமா பேசாதீங்க" என்றார். எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

அதன் பிறகு கட்டடம் எழும்பி ஆட்கள் குடிவந்தார்கள். இந்த மழைக்குப் பிறகு, இரண்டாவது மாடியில் இருந்த மகா என்ற கர்ப்பிணிப் பெண், "ஆன்ட்டி, சப்பாத்தி உருண்டை வச்சா தானா செவுத்துக்கு உருண்டு போவுது" என்றாள். போன செவ்வாய்க்கிழமை அவர்கள் பால்கனி எங்கள் மாடியில் துணி காயப்போடும் கம்பியில் வந்து இடித்தது. எல்லோரையும் வெளியேற்றினார்கள். மகா எங்கள் ஹாலில்தான் படுத்திருக்கிறாள். எனக்குப் பயமும் ஆத்திரமும் சேர்ந்தே இருக்கின்றன. தொட்டி கசிந்திருந்தால் அதன்மேல் நிற்கும் எங்கள் வீட்டில் ஒரு கீறலாவது விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

ஆபத்து என்று சொல்லி இன்றே இடிக்க கிரண் அனுமதி கேட்டிருப்பதாகத் தெரிகிறது. இடிக்கட்டும். ஆனால் அஸ்திவாரத்தோடு வாரிப் போட்டு மூடிவிட்டால் அங்கே காட்டுவதற்கு மண் இருக்காது, பழி போட எங்கள் தொட்டி மட்டும்தான் இருக்கும். அதற்கு முன் அதிகாரிகள் முன்னிலையில் அந்த மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டும். எங்கள் தொட்டியையும் உடைத்துப் பார்க்கலாம், தடுக்க மாட்டேன்.

நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஜேசிபி வந்து நின்றுவிட்டது. காலையிலிருந்து என்னை இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதும் அதற்காகத்தானோ என்று சந்தேகப்படுகிறேன். இந்த வரி வேண்டாம் என்று எழுதிக்கொள்ளும் ஏட்டு சிவசங்கரன் சொன்னார். எழுதச் சொன்னேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். கண்டதாகச் சொன்னது அத்தனையும் என் கண்ணால் கண்டது. சந்தேகம் என்று சொன்னது இப்போதும் சந்தேகம்தான்.

(ஒப்பம்) விஜி