முப்பிடாதி இலை

ஆத்துக்குப் பாலம் கட்டாத காலம் அது. முழங்காலு வரைக்கும் வேட்டியத் தூக்கிக்கிட்டுத்தான் அக்கரை போகணும். அப்போ நம்ம கீழப்பத்துல குற்றாலம் பிள்ளைன்னு ஒரு பண்ணையார் இருந்தாராம். வயலுக்குக் குறைவில்ல, மாட்டுக்குக் குறைவில்ல. அவரு சம்சாரம் பிரமு ஆச்சிக்குக் கிறுக்குன்னா ஒரே ஒரு கிறுக்குதான். சோறு வெள்ளையா இருக்கணும்.

வெள்ளைன்னா எப்படி வெள்ளைங்கிய? வெளுத்து வந்த வேட்டிய முற்றத்துல விரிச்சு, அதுல அரிசியப் பரப்பச் சொல்லுவாளாம் ஆச்சி. தள்ளி நின்னு பார்ப்பாளாம். அரிசி கண்ணுக்குத் தெரிஞ்சா, "ஏட்டி, இன்னொரு குத்து!" தெரியாமப் போற வரைக்கும் குத்தணும். புழுங்கல்னா நெறம் மங்கிரும்னு பச்சரிசிதான். அதையும் ஏழு தண்ணி விட்டுக் கழுவி, வடிச்ச கஞ்சிய மாட்டுத் தொட்டியில கொட்டிருவாவளாம். ஊரு மெச்சிச்சாம். பொண்ணு பார்க்க வாரவன்கூட வேட்டியில அரிசியப் பார்த்துட்டுத்தான் பொண்ணப் பார்ப்பானாம்!

குத்துறது யாரு? முப்பிடாதி. உலக்கையத் தூக்கினா தரை அதிரும்பாவ. அவளுக்குக் கூலி என்னன்னா, குத்துன தவிடு. அத அன்னன்னைக்கே சலிச்சு, கருப்பட்டி போட்டுக் கொழுக்கட்டை அவிச்சுப் போடுவா. அவ பிள்ளையள் நாலும் அதத் தின்னுட்டுத்தான் வரப்புல குதியாட்டம் போட்டுச்சுவ.

இப்படி இருக்கையில பண்ணையாருக்குக் கால் எரிஞ்சுதாம். அப்புறம் மரத்துப் போச்சாம். ஒரு நாள் கோயிலுக்குப் போயிட்டு ஒத்தச் செருப்போட வீடு வந்து சேர்ந்தாராம் மனுசன். இன்னொன்னு நடுத்தெருவுல கழண்டு கிடக்கு. கழண்டதே தெரியல! வைத்தியரு வாதம்னாரு, தைலம் குடுத்தாரு. தைலம் தீர்ந்துச்சு, வாதம் தீரல.

அதோட போச்சா? மருமக சண்முகவடிவு, கல்யாணமாகி வரும்போது மானு கணக்கா வந்தவ, ஒரு வருசத்துல சுவத்தப் பிடிச்சு நடக்கா. அதுலயும் ஆறு மாசம் முழுகாம இருக்கா. "இந்தக் காலோட பேறுகாலத்தத் தாங்க மாட்டா"ன்னு வைத்தியரு சொல்லிட்டாராம். உரல்கிட்ட வந்து உக்காந்து அந்தப் பொண்ணு அழுமாம். "முப்பிடாதி, என் பிள்ளை முகத்தப் பார்ப்பேனா?"ன்னு கேக்குமாம். முப்பிடாதி உலக்கையச் சாத்தி வச்சுட்டு அவ காலப் பிடிச்சு விடுவா. அவளும் நாலு பெத்தவ இல்லையா?

ஒரு நாள் முறத்துல புடைச்சுக்கிட்டே யோசிச்சாளாம். தவிடு தின்ன எம் பிள்ளையள் ஓடுது. கஞ்சி குடிச்ச மாடு துள்ளுது. வேட்டி அரிசி தின்ன வீடு மட்டும் ஏன் படுத்துக் கிடக்கு? இந்த அரிசியில இல்லாத சத்து இந்தத் தவிட்டுல இருக்கு! நான் குத்திக் குத்தி எடுத்தது உமிய மட்டுமில்ல, இவுக உசிரையும்தான்னு பட்டுச்சாம் அவளுக்கு.

வீட்டுக்கு வந்து புருசன்கிட்டச் சொன்னா. அவன் பதறிட்டான். "ஏட்டி, வாயத் தொறக்காத! தவிட்டுல சத்து இருக்குன்னு தெரிஞ்சா ஆச்சி அத நமக்கா தருவா? நம்ம பிள்ளையள் எதத் திங்கும்?"

அவன் சொன்னதும் நியாயந்தான். முப்பிடாதி ரெண்டு நாள் புருசன் பேச்சக் கேட்டா. மூணாம் நாள் மடியில நாலு கொழுக்கட்டையக் கட்டிக்கிட்டு வடிவுகிட்டப் போயிட்டா.

"தாயி, கேள்வி கேக்காமத் தின்னு."

வடிவு தின்னா. மறுநாளும் தின்னா. பதினைஞ்சு நாளு போச்சு. சுவத்த விட்டா. எரிச்சல் நின்னுச்சு. பதினாறாம் நாள் ஆச்சி கையும் களவுமாப் பிடிச்சுட்டா!

"அடிப் பாவி! மாட்டுத் தீனியையா எம் மருமகளுக்கு ஊட்டுத?"

முப்பிடாதி மடிய மறைக்கல. உள்ளதச் சொல்லிட்டா. "ஆச்சி, நீங்க வேட்டியில பார்த்தது வெறும் வெள்ளை. சத்தெல்லாம் எம் முறத்துல வந்து விழுந்துச்சு. ஒரு குத்தோட நிப்பாட்டுங்க. கஞ்சியக் கொட்டாதிய. இந்த வீடு எந்திரிச்சு நடக்கும்."

அப்போ வடிவு எந்திரிச்சா. யாரையும் பிடிக்கல. ரேழியிலருந்து முற்றம் வரைக்கும் தனியா நடந்து வந்து, "அத்தை, பார்த்தியளா?"ன்னா.

உள்ள கட்டில்லருந்து பண்ணையார் குரல் குடுத்தாராம். "ஏ முப்பிடாதி, எனக்கு ஒரு கொழுக்கட்டை மிச்சம் இருக்கா?"

அப்புறம் என்ன, வேட்டி கொடிக்குப் போச்சு. ஒத்தக் குத்து அரிசி, செக்கச் செவேல்னு. பண்ணையார் ரெண்டு மாசத்துல வயலுக்குப் போனாரு. வடிவு சுகமாப் பெத்து எந்திரிச்சா.

ஆனா முப்பிடாதி கதி? ஒத்தக் குத்துல ஏது தவிடு? அத்தனையும் அரிசியோட ஒட்டிக்கிட்டு பண்ணையார் வீட்டு உலைக்குப் போயிருச்சு. புருசன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான். அவ வெறும் முறத்தத் தட்டிட்டுக் கிளம்புதா. ஆச்சி வழி மறிச்சா.

"எங்கட்டி போற? எம் பேரன உம் பிள்ளையளோட சோத்த வச்சுல்லா காப்பாத்திக் குடுத்திருக்க. பிள்ளையளக் கூட்டிட்டு வா. இந்த வீட்டுல உலை கொதிச்சா முதல் இலை உனக்குத்தான்."

நாலு பிள்ளையளோட வந்து உக்காந்தா. ஆச்சி தன் கையாலயே செவப்புச் சோறு போட்டு, குழம்ப ஊத்தி, எதிர நின்னு கேட்டாளாம், "ருசி எப்படி இருக்கு?"

முப்பிடாதி ஒரு வாய் வச்சா. கண்ணுல தண்ணி கொட்டுது. பிள்ளையள் அவளையே பார்க்குதுவ.

"பன்னெண்டு வருசமா உங்க வீட்டு அரிசியக் குத்துதேன் ஆச்சி. இன்னைக்குத்தான் தின்னு பார்க்கேன்."

ஆச்சி அப்படியே தரையில உக்காந்துட்டாளாம்.

அதான் இன்னைக்கும் கீழப்பத்துல எந்த விசேசம்னாலும் முதல் இலைக்குப் பேரு முப்பிடாதி இலை. இப்போ உரலு ஏது, உலக்கை ஏது? ரைஸ் மில்லுக்காரரக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கோம். கல்யாண வீட்டு அம்மா தன் கையால ஒத்தக் குத்துச் சோறு போட்டு, "ருசி எப்படி?"ன்னு கேக்கணும். அவரு ஒரு வாய் தின்னு பதில் சொல்லணும். அது வரைக்கும் மாப்பிள்ளையா இருந்தாலும் சரி, மந்திரியா இருந்தாலும் சரி, பசியோட நிக்க வேண்டியதுதான்.