பங்காளி வீட்டுப் பரங்கிக்காய்

எனக்குப் பரங்கிக்காய் பிடிக்காது, சார். குழம்பில் இனிப்புக் காய் போடுவது எனக்கு ஒப்பாது. என் மூத்தார் நாராயணசாமி வீட்டில் அதற்கு அடித்துக்கொள்வார்கள்.

பாகம் பிரித்தபோது கிணற்றடி நிலத்தை அவர் வைத்துக்கொண்டார். இருபது வருஷம் பருத்தி போட்டு மருந்தடித்த மேட்டுக்காட்டை எங்கள் தலையில் கட்டினார். மூடியில் அளந்து ஊற்றச் சொன்ன மருந்தை, மனத்திருப்திக்காக இன்னும் இரண்டு மூடி ஊற்றுகிற ஆள் அவர். என் வீட்டுக்காரர் சடையன் வாயில்லாப் பூச்சி. அந்த வயலில் பிழைத்துக் கிடந்த ஒரே பூச்சியும் அவர்தான்.

கீரை வாங்க வந்த கம்பெனி மண்ணைச் சோதித்துவிட்டு, விஷம் என்று போய்விட்டது. அப்புறம்தான் சங்கராபுரத்திலிருந்து சுபஸ்ரீ வந்தாள். மண் படித்த பெண். பாதி வயலில் கரித்தூளும் மக்கிய எருவும் கலக்கச் சொன்னாள். அது விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மறுபாதியில் பரங்கி நடச் சொன்னாள்; கொடி விஷத்தை உறிஞ்சி எடுத்துவிடுமாம். காயைத் தின்னக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது, கொடியோடு சேர்த்துத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

இரண்டு வருஷம், நான்கு போகம். கொடியை மட்டும் அவள் அனுப்பிய வண்டியில் ஏற்றிவிட்டேன். காயை வாரம் தவறாமல் மூத்தார் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பகையை மறந்துவிட்டேன் என்று ஊரே மெச்சியது. அவர் மருமகள் கமலா அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுக்கென்று பிஞ்சாகப் பார்த்துப் பறித்துப் போவேன்.

போன மாதம் சுபஸ்ரீ வந்து, மண் நன்றாகத் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். பிறகு வண்டிக் கணக்கில் கொடி மட்டும் இருப்பதைப் பார்த்தவள் முகம் மாறியது.

"காய்ங்கள இன்னா பண்ணீங்கக்கா?"

"விக்கலம்மா. ஊர் சனம் தின்னா பாவம் இல்லியா? சொந்தத்துக்குத்தான் குடுத்துக்கினு இருந்தேன்."

அவள்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்துதான் கொடுத்தேன். அவர் போட்டதை அவருக்கே திருப்பினேன், அவ்வளவுதான்.

கமலாவுக்கு ஏழாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. காயால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அன்றைக்குப் பத்தியச் சோறு ஆக்கிக்கொண்டு முதலில் ஓடியவள் நான்தான். அதில் பரங்கிக்காய் போடவில்லை, சார். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.