தகரம் அடிக்கப்பட்ட காற்றுத் துளைகள்

பெயர்: புவனேந்திரன் தனுஜா. வயது: 31. தொழில்: புகைப்படப் பிடிப்பாளர். விலாசம்: கீழ்ப்பிரிவு லயம், வெள்ளைக்கல் தோட்டம், பதுளை. தோட்ட நிர்வாகத்தின் முறைப்பாடு தொடர்பில் பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்ட மேற்படி நபர், தமிழில் எழுதினால் மட்டுமே ஒப்பமிடுவதாகக் கூறியதால், இவ்வாக்குமூலம் தமிழில் பதிவுசெய்யப்படுகிறது. அவர் கூறுவதாவது:

நான் பிறந்தது முதல் மேற்படி விலாசத்தில் என் தாயுடன் வசித்து வருகிறேன். பதுளை நகரில் நப்ரீஸ் என்பவரின் ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். கல்யாண வீடுகளைப் படமெடுப்பது என் தொழில். வேலையில்லாத நாட்களில் கட்டடங்களின் காற்றுத் துளைகளைப் படமெடுப்பேன். கடைவீதி மாடிச் சுவர்களில் பூப்போலச் சீமெந்தில் வார்த்தவை, தேயிலைத் தொழிற்சாலையின் மரச் சட்டங்கள், கோவில் மடைப்பள்ளியின் புகைக்கூண்டு என்று நிறைய எடுத்திருக்கிறேன். ஏன் அவற்றை எடுக்கிறீர் என்று உத்தியோகத்தர் கேட்டார். எல்லவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களை எடுக்கிறார்கள், அவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வெளிச்சம் உள்ளே வந்து புகை வெளியே போகும் இடம் எனக்குப் பிடிக்கும். அதற்குமேல் விளக்கம் இல்லை.

எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒவ்வொரு வீட்டின் பின்சுவர் உச்சியிலும் கம்பிவலை போட்ட ஒரு துளை உண்டு. அடுப்புப் புகை அதன் வழியாகத்தான் போகும். துளைக்கு மேலே படிந்த கரி வீட்டுக்கு வீடு வேறு வடிவமாக இருக்கும். கடந்த தைப்பொங்கலன்று எல்லாவற்றையும் படமெடுத்தேன். பக்கத்து வீட்டு வேலாயி அவர்களின் துளையில் குருவி வைத்த வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பின்னர் லயத்துக்கு மேலேயுள்ள பழைய பங்களா உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றப்பட்டது. அதன் பின்னர், மழைக்காலத்தில், எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தபோது ஆட்கள் வந்து அத்தனை துளைகளிலும் தகரம் வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். உதவி முகாமையாளர் ஜீவன் அவர்களிடம் கேட்டதற்கு, "மேல இருக்குற கெஸ்ட்மாருக்கு பொக ஒத்துக்கலையாம், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். எங்களுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்குக் கதவையும் திறந்துவைக்க முடியாது. என் தாய் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு சோறாக்கினார்.

நான் தகரங்களையும் படமெடுத்தேன். அப்போது ஜீவன் அவர்கள் அங்கு வந்து, "இந்த ஓட்டையில என்னம்மா அழகு இருக்கு?" என்று கேட்டார். "நீங்க மூடுறதுக்கு முந்தி இருந்துச்சுங்க சார்" என்றேன்.

அதன் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் கல்யாணமொன்றில் வேலையாக இருந்தபோது வேலாயி அவர்களின் மகள் கிருஷாந்தி தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, அம்மா அடுப்படியில விழுந்துட்டாங்கக்கா. மூச்சு வாங்க முடியல." மாலை மாற்றுவதை எடுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்தப் படங்கள் எதுவும் நன்றாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலாயி அவர்களைப் பார்த்த டொக்டர், இவர் சுருட்டுப் பிடிப்பவரா என்று கிருஷாந்தியிடம் கேட்டிருக்கிறார். அவர் வெற்றிலைகூடப் போடுவதில்லை.

அன்றே பொங்கல் படங்களையும் தகரப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பேஸ்புக்கில் போட்டேன். குளிருக்காகக் குடியிருப்பாளர்களே பல வருடங்களுக்கு முன்பு துளைகளை அடைத்துக்கொண்டார்கள் என்று நிர்வாகம் அதன்கீழ் பதில் எழுதியது. அதன் பின்னர் குருவி வைக்கோல் படத்தை, எடுத்த திகதியுடன் போட்டேன்.

மறுநாள் காலை பெண்கள் யாரும் பெரட்டுக்குப் போகவில்லை. வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் லயத்தின் பின்பக்கம் கூடினார்கள். அதன் பின்னர் தகரங்கள் கழற்றப்பட்டன. முதல் தகரம் விழுந்ததும் உள்ளே அடைந்து கிடந்த புகை மொத்தமாக வெளியே வந்தது. என் தாய் அழுதார். கண்ணில் புகை பட்டுவிட்டது என்றார். ஜீவன் அவர்கள் ஓடிவந்து, "யாரக் கேட்டு கழட்டுனீங்க?" என்று சத்தம் போட்டார். "நீங்க யாரக் கேட்டு அடிச்சீங்க?" என்று என் தாய் கேட்டார். அவர் விடுதிப் பக்கம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தகரங்களை நெம்பிய அலவாங்கைப் பிடித்திருந்தது யார் என்று என்னிடம் பலமுறை கேட்கப்பட்டது. சொல்ல மாட்டேன். என் படங்களில் துளைகள் இருக்கின்றன, முகங்கள் இல்லை. நான் தூண்டிவிட்டதாக முறைப்பாட்டில் உள்ளது. மூச்சு முட்டுகிறவர்களை யாரும் தூண்டிவிட வேண்டியதில்லை. அலவாங்கு என் கையில் இருக்கவில்லை, கமெராவுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை மிஞ்சியிருந்தால் நானும் பிடித்திருப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, துளைகளை மறுபடி மூடக்கூடாது என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகே என்மீது இந்த முறைப்பாடு செய்யப்பட்டது. வேலாயி அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் மலைக்குப் போக முடியவில்லை, படியேறினால் இளைக்கிறது.

படங்களை அழித்து மன்னிப்புக் கேட்டால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவார்கள், சமாதானமாகப் போகலாம் என்று உத்தியோகத்தர் சொன்னார். அவர் நல்லதாகத்தான் சொன்னார். நான் மறுத்தேன். என் தாயும் வேலாயி அவர்களும் சுவாசிக்கிற இடத்தைப் படமெடுத்ததற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். மறுபடி தகரம் அடித்தால் மறுபடி எடுப்பேன்.

வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் "தோட்டத்துக்குள் அத்துமீறிப் பிரவேசித்தேன்" என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. வெட்டும்வரை ஒப்பமிட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அது வெட்டப்பட்டு, "என் வீட்டின் பின்பக்கம் நின்றேன்" என்று எழுதப்பட்டது. வெட்டிய இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. மிகுதி யாவும் நான் என் வாயால் சொன்னபடியே இருக்கின்றன, யாவும் உண்மை.

(ஒப்பம்) பு. தனுஜா