ஒரே கஞ்சியும் ஒரு சோடிக் காப்பும்

தலைமைக் கதிரையில் வீற்றிருக்கும், மின்சாரவியல் கற்ற வீரசிங்கம் அவர்களே! கண்டி நகரப் பெரியோர்களே! அலவத்துகொடையிலிருந்து பஸ் ஏறி வந்த அன்பர்களே! தாய்மார்களே! எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழில் இதே மேடையில் ஏளனப்பட்டவன் நான். ஏழு ஆண்டுகள்! நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறப்பேனா? இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றை நம்பி, புளித்த கஞ்சியில் செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் வைத்தேன். மின்மானியின் ஊசி அசைந்தது. கஞ்சியில் வாழும் கிருமிகளே மின்சாரம் தருகின்றன என்று முழங்கினேன். அன்று முன்வரிசையில் இருந்த இன்றைய தலைவர் எழுந்தார்.

"மாஸ்டர், இரண்டு வேற உலோகம் வைச்சால் புளித்தண்ணியிலயும் ஊசி ஆடும். கிருமிக்கு ஏன் உந்தப் பெருமை?"

சபை சிரித்தது. மறுநாள் முதல் நான் 'கஞ்சி மாஸ்டர்'. பள்ளிக்கூடத்தின் மறுதவணையில் விஞ்ஞான வகுப்பும் பறிபோனது. யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள், பழகிவிட்டது.

அவர் கேள்விக்கு விடை காண, தகடுகள் இரண்டும் ஒரே உலோகமாக வேண்டும். புளிப்பில் கரையாததாக வேண்டும். பிளாட்டினத்துக்கு நான் எங்கே போவேன்? அடுத்த வீட்டு றலியா தங்கக் காப்புச் சோடியைக் கழற்றித் தந்தார். "கறுத்துப் போனா எங்கட வீட்டுல நான் என்ன சொல்ற, மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே தந்தார்.

இதோ, ஒரே கஞ்சி! ஒரு பாதியைக் கொதிக்கவைத்துக் கிருமிகளைக் கொன்று ஆறவிட்டேன். அது கண்ணாடிப் பாத்திரத்தில். உயிருள்ள பாதி அதனுள் நிற்கும், ஈரம் கசியும் மண்சாடியில். ஒவ்வொன்றிலும் ஒரு காப்பு; காப்புக்கொரு கம்பி மின்மானிக்கு. ஊசியைப் பாருங்கள், வலப்பக்கம் போகிறது!

விளக்கு எரியுமா என்கிறீர்களா? எரியாது ஐயா, மின்மினிக்கும் போதாது. ஆனால் நோய் தரும் இனமென்று நாம் நடுங்கும் கிருமியா இதைத் தருகிறது? தின்பது கஞ்சி, தருவது மின்சாரமா? எனக்கே குழப்பம்தான்.

தலைவர் எழுகிறார். என்ன கேட்கிறார்?

"காப்பை மாத்திப் போட்டுப் பாத்தனீரோ? ஒரு காப்பில செம்பு கூடக் கலந்திருந்தால்?"

இல்லை. மாற்றவில்லை. ஏழு ஆண்டுகள் எரிந்த நெஞ்சுக்கு இது தோன்றவில்லையே!

கழுவுகிறேன். மாற்றுகிறேன். கம்பிகள் அந்தந்தக் காப்பிலேயே இருக்கின்றன. காப்புத்தான் காரணமென்றால் ஊசி மறுபடி வலப்பக்கமே போகும். கிருமி காரணமென்றால் இடப்பக்கம் திரும்பும். பொறுங்கள், ஊசி நிலைக்கட்டும்.

இடம்! இடப்பக்கம் திரும்பிவிட்டது!

தலைவரே குனிந்து பார்க்கிறார். "ஓம் மாஸ்டர், கிருமிதான்" என்கிறார்.

கைதட்டாதீர்கள். அன்று என்னை வீழ்த்தியது அவர் கேள்வி; இன்று என்னை நிமிர்த்தியதும் அவர் கேள்வி. ஏழு ஆண்டுப் பகையை இனி நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? மன்னித்துவிட்டேன் என்று எவரும் எண்ணவேண்டாம். ஆனால் தலைவர் அவர்களே, அடுத்த சோதனைக்கு என் வீட்டுக்கு வாருங்கள். கேள்வியை முன்னதாகவே கேளுங்கள்.

றலியா அவர்களே, காப்பு கறுக்கவில்லை. கேட்டவர்களுக்கும் கேலி செய்தவர்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம், ஸலாம்.