ஆயம்மாவிடம் இருந்தது என் சாவி

புதுச்சேரி, 1981 ஆகஸ்டு 21, வெள்ளிக்கிழமை மாலை, காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்னிலையில் நான் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் செலஸ்தின். காலஞ்சென்ற சவரிராயனின் மனைவி. வயது எழுபத்தொன்று. லபோர்தனே வீதியில் எங்கள் சொந்த வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். தமிழும் பிரெஞ்சும் எழுதப் படிக்கத் தெரியும். ஆகவே இதை எனக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை, நானே படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திடுவேன் என்று முதலிலேயே தெரிவித்தேன். இன்று காலை இந்த நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டு இந்த நேரம்வரை பின்பக்கத் தாழ்வாரத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் ஆயம்மா, கருவடிக்குப்பம் பக்கிரியின் மனைவி, என் வீட்டில் வேலை செய்பவள். என் கணவர் நோயில் கிடந்த காலம் முதல் அவள் என்னிடம் இருக்கிறாள். அவள்மேல் எழுதப்பட்டிருக்கும் புகார், கள்ளச்சாவி செய்து அங்கத்தினர் அறையைத் திறந்து சாமான் திருடினாள் என்பது. அது பொய். எப்படிப் பொய் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பண்டகசாலையின் ஏற்பாடு என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பெண்ணைத் தெருவழியே நடத்திக்கொண்டு வந்ததுதான் இதில் முதல் தவறு. எங்கள் வீதி முனையில் உள்ள சகாய மாதா பண்டகசாலையில் அங்கத்தினர் மட்டுமே சாமான் வாங்கலாம். கடையின் முன் தாழ்வாரத்தில் சுவரோடு பதித்த பெரிய மர அலமாரி ஒன்று இருக்கிறது. அதைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து வீட்டுக்கு ஓர் அறை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். என் வயதுக்காரர்கள் அதைக் கசியே என்று சொல்வோம். ஒவ்வோர் அறைக்கும் தாழ்வாரப் பக்கம் பூட்டுடன் ஒரு கதவு, கடையின் உட்பக்கம் இன்னொரு கதவு. அங்கத்தினர் மாலையில் வேண்டியதைச் சீட்டில் எழுதித் தம் அறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போவார். அதன் பிறகு சாமான் கட்டும் ராஜாங்கம் உட்பக்கமாகத் திறந்து, சீட்டை எடுத்துக்கொண்டு, அதன்படி காக்கிப் பையில் நிரப்பி அதே அறையில் வைத்துவிடுவார். காலையில் அங்கத்தினர் திறந்து எடுத்துப் போவார். பை கடையுடையது, எல்லோருக்கும் ஒரே மாதிரி. பெரிய மார்க்கெட்டின் கூட்டத்தில் இடிபட முடியாதவர்களுக்காகக் கமிட்டியில் வாதாடி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் நான். யார் எதைத் திறக்கலாம் என்பதிலும் விதி உண்டு. அங்கத்தினர் தம் அறையை மட்டும் திறக்கலாம். ராஜாங்கம் சாமான் வைக்கலாம், சீட்டைத் திருத்தக் கூடாது. அங்கத்தினருக்குப் பதில் வேறொருவர் வந்து எடுப்பதானால் அங்கத்தினர் நேரில் மேலாளரிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும்.

எனக்கு முழங்கால் வலி வந்தபின் நான் அந்த விதிப்படி நேரில் போய், இனி என் அறையை ஆயம்மா திறப்பாள் என்று மேலாளர் அரிகிருஷ்ணனிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். இன்று இதே மேலாளர், அப்படி யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்று காவலரிடம் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இத்தனை மாதங்களாக ஆயம்மா வந்து என் அறையைத் திறந்ததை அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது எந்த அனுமதியின் பேரில் என்று அவரைக் கேட்க வேண்டும்.

இன்று காலை பூசையிலிருந்து வந்ததும் என் மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து ஆயம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் போனாள். அதன் பிறகு திரும்பவில்லை. மாதா படத்துக்குப் பூ கொடுக்கும் கொளஞ்சி ஓடிவந்து, "மதாம், ஒங்க ஆயம்மாவ போலீசு இட்டுக்கினு போவுது. அகஸ்டினாம்மா ரூம கள்ளச்சாவி போட்டுத் தொறந்துட்டாளாம்" என்றாள். அகஸ்டினா என் அறைக்கு அடுத்த அறைக்காரி. என்னுடன் ஒரே மடத்துப் பள்ளியில் எனக்குக் கீழ் வகுப்பில் படித்தவள்.

நான் அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். ஆயம்மாவிடம் இருந்தது ஒரே சாவி. அதைக் கொடுத்தவள் நான். அந்தச் சாவி அகஸ்டினாவின் அறையைத் திறந்தது என்றால், கோளாறு பூட்டில் இருக்கிறது, ஆயம்மாவிடம் இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தொப்பி வைத்த ஒருவராவது அதை யோசித்திருக்கலாம்.

உடனே ரிக்‌ஷா வைத்துக்கொண்டு அகஸ்டினாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அண்டை வீட்டாருக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கையும் களவுமா புடிச்சேன்க்கா. என் பை அவ தோள்ல தொங்குது. பண்டிகையிலேந்து என் காப்பித்தூள் எங்க போவுதுன்னு இப்பதான் புரியுது."

"உன் சாவிய எடுத்துக்கிட்டு என்கூட வா."

"எனக்கு அடுப்புல வேல இருக்குக்கா."

"போலீச கூப்பிடறதுக்கு மட்டும் அடுப்பு காத்துக்கிட்டு இருந்துச்சா? வா."

வந்தாள். பண்டகசாலைப் படியை நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். தாழ்வாரத்தில் அங்கத்தினர் சிலர் இருந்தார்கள். மேலாளர் எழுந்து வந்து, போலீஸ் விஷயம், நீங்கள் தலையிட வேண்டாம் என்றார். நான் அகஸ்டினாவிடம் என் அறையைக் காட்டி, அவள் சாவியால் அதைத் திறக்கச் சொன்னேன். அது எப்படித் திறக்கும் என்றாள். திறக்காவிட்டால் இத்தனை பேர் முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். சாவியைப் போட்டாள். திறந்தது. நான் எழுதியிருந்த ரவையும் மெழுகுவர்த்தியும் வைத்த பை உள்ளே அப்படியே இருந்தது. அதன் பிறகு அடுத்த அறை, அதற்கடுத்தது, மேல் வரிசை, கீழ் வரிசை என்று ஒன்றொன்றாகத் திறக்கச் செய்தேன். எல்லாம் திறந்தன. அங்கிருந்த அங்கத்தினர் தத்தம் சாவியைப் போட்டுப் பார்த்தார்கள். அவையும் எல்லா அறைகளையும் திறந்தன.

"அகஸ்டினா, இப்ப உன் கையில இருக்கிறது கள்ளச்சாவியா, நல்ல சாவியா?" என்று கேட்டேன். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உள்ளேயிருந்து ராஜாங்கம் எட்டிப் பார்த்து, மேலாளரை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்துக்கும் ஒரே சாவிதான் மதாம். மழையில மரம் ஊறி பூட்டு சிக்கிச்சி இல்ல, அப்ப சார் எல்லாத்தையும் மாத்தி ஆளுக்கொரு புதுச் சாவி குடுத்தாரு இல்ல, எல்லாம் ஒண்ணுதான். வெளிய சொல்ல வேணாம்னாரு."

மேலாளர் அப்போதும் வெட்கப்படவில்லை. "தெனம் ஒருத்தர் வந்து தொறக்கல, தொறக்கலன்னு உயிர வாங்கனாங்க மதாம். ஒரே மாதிரி பூட்டா வாங்கிப் போட்டேன். அன்னியோட புகார் நின்னுபோச்சி. இதுல என்னா தப்பு?"

"புகார் நிக்கணும்னா கதவையே கழட்டிப் போட்டிருக்கலாமே, அரிகிருஷ்ணன். பூட்டு வாங்கற செலவாவது மிஞ்சியிருக்கும்."

அதோடு முடியவில்லை. மாதா பண்டிகைக்காக ஒரு வாரம் முன்பு அலமாரிக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். அடித்தவர்கள் கதவுகளின் மேல் இருந்த எண்களையும் சேர்த்து மூடிவிட்டார்கள். மேலாளர் மறுபடி எழுதவில்லை. உட்பக்கத்து எண்கள் அப்படியே இருந்ததால், சீட்டு எந்த அறையில் விழுந்தாலும் அதிலுள்ள பெயரைப் பார்த்து ராஜாங்கம் சரியான அறையில்தான் வைத்து வந்தார். வெளியே இருந்து வருபவர்களுக்கு எல்லாக் கதவும் ஒன்றுபோல் இருந்தன. எண் இல்லாத இடத்தில் எங்களுக்கு இருந்த ஒரே அடையாளம் சாவிதான். சாவி திறந்தால் அது நம் அறை. இத்தனை காலம் அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முசே தனிஸ்லாஸ் வந்தார். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா, கைத்தடி ஊன்றி நடப்பவர். தொப்பியைத் தொட்டு எங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, நேரே போய் அகஸ்டினாவின் அறையைத் திறந்தார். அது காலியாக இருந்தது. பை காவல் நிலையத்தில் இருக்கிறது.

"என்னா ராஜாங்கம், இன்னிக்கி ஒண்ணும் வைக்கலியா?" என்று கேட்டார்.

முசே, அது யாருடைய அறை என்று கேட்டேன்.

"என்னுதுதான் மதாம். என் சாவிக்குத் தொறக்குதே."

"அதுல இருந்த காப்பித்தூள எடுத்தீங்களா?"

"எடுத்தேனே. நான் எழுதவே இல்ல, தானா வந்துச்சி. பண்டிகைக்குக் கடையில சும்மா குடுக்கறாங்க போலன்னு நெனச்சேன். நல்ல தூள்."

தாழ்வாரத்தில் யாரோ சிரித்தார்கள். அகஸ்டினா சிரிக்கவில்லை. அதன் பிறகு ராஜாங்கம் வந்து முசே தனிஸ்லாஸின் உண்மையான அறையை அவருக்குத் திறந்து காட்டினார். அவர் எடுக்காமல் விட்ட பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அடிப்பையின் சர்க்கரையில் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. முசேயின் பைகள் எடுக்கப்படாமல் தேங்குகின்றன என்று ராஜாங்கம் முன்பே சொல்லியும், அதன் மேலேயே வை என்று மேலாளர் சொல்லிவிட்டதாக அப்போதுதான் தெரிந்தது. முசே தனிஸ்லாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரோ அவருக்கு நாற்காலி போட்டார்கள். மேலாளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

இந்த இடத்தை நான் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முசே தனிஸ்லாஸ் திருடர் அல்ல. அவரை அழைத்து வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் எந்தக் கதவைத் திறந்தாரோ அதே கதவைத்தான் ஆயம்மாவும் திறந்தாள். அவர் எந்த நம்பிக்கையில் திறந்தாரோ அதே நம்பிக்கையில்தான் அவளும் திறந்தாள். அவர் பல தடவை எடுத்தார், அவள் ஒரு தடவை எடுத்தாள். அவருக்கு நாற்காலியும் தண்ணீரும் வந்தன. அவளுக்குக் காவலர் வந்தார். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே மேலாளர். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று தெரிந்திருந்தும், காலையில் தன் கையாலேயே புகாரில் கள்ளச்சாவி என்று எழுதிக் கொடுத்தவர் அவர். எழுதும்போது அது பொய் என்று அறிந்த ஒரே மனிதரும் அவர்தான். ராஜாங்கம் அப்போது கிடங்கில் இருந்ததால் நடந்ததைப் பின்னால்தான் கேள்விப்பட்டார்.

அதன் பிறகு அகஸ்டினாவையும் அழைத்துக்கொண்டு நேரே இந்த நிலையத்துக்கு வந்தேன். இங்கே எனக்கு நாற்காலி கொடுக்கப்பட்டது. ஆயம்மா எங்கே என்று கேட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்ததும், "எனக்குத் தெரியாதும்மா, தொறந்துச்சி, எடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள். காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கப்படவில்லை. உதவி ஆய்வாளர் என்னிடம், "ஒரு வேலைக்காரிக்காக இந்த வயசுல நீங்க ஏன் மதாம் அலையணும்? மாலைக்குள்ள நாங்களே அனுப்பிடுவோம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அனுப்பிவிடுவது வேறு, குற்றமில்லை என்று எழுதுவது வேறு. மன்னித்து அனுப்பியதாக நாளை ஊர் பேசும். மன்னிப்பதற்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் இந்த வாக்குமூலத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தேன்.

நான் இதுவரை சொல்லி முடித்தபோது, கைப்பற்றிய சாவியை என்னிடம் திருப்பித் தர வந்தார்கள். நான் வாங்கவில்லை. எடுத்தது ஆயம்மாவின் கையிலிருந்து, கொடுப்பதும் அவள் கையில்தான் என்று சொன்னேன். அவளை முன்பக்கம் அழைத்து வந்து அப்படியே கொடுத்தார்கள்.

அகஸ்டினா தன் தரப்பில் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகு ஆயம்மாவிடம், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், வீட்டுக்கு வந்தால் புடவை தருகிறேன் என்றாள். ஆயம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொடவ கட்டிக்கினுதான் இருக்கறேன்மா. கசியேகிட்ட நின்னுக்கினு எல்லாரும் கேக்க திருடின்னு சொன்னீங்க இல்ல? அதே எடத்துல நின்னு, இவ திருடி இல்லன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

நாளை சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு எடுக்க அன்றுதான் அதிகம் பேர் வருவார்கள். அகஸ்டினா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆயம்மாவைக் காட்டினேன். கேட்டது நானில்லை. அவள் வெளியே போய் வாசலில் நின்றாள். நான் மேற்கொண்டு சொல்லி, இது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்து, "சரி, வரேன்" என்றாள்.

"எத்தினி மணிக்கு?" என்று ஆயம்மா கேட்டாள்.

எட்டு மணிக்கு என்று அகஸ்டினா சொன்னாள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கண்ணால் கண்டதைக் கண்டதாகவும் பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். எழுதியதை நானே படித்தேன். இதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அனைத்தும் உண்மை. யார் சொல்லியும் யாருக்குப் பயந்தும் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
செலஸ்தின் சவரிராயன்